பயிற்சி என்ற பெயரில் பன்னிரண்டு மணித்தியாலம்

(2025 மே மாதம் ஹாலிஎலையில் நடைபெற்ற எமது மாதர் பிரிவுக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த தாதி உதவியாளர் பயிற்சி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பயிற்சி இன்னும் முடியாததால், அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)



தாதியர் தினம் வருகிற மாதம் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். "படிக்கிற பிள்ளைகளுக்கு நாலு புத்திமதி சொல்லு" என்றார் தலைவி அக்கா. புத்திமதி சொல்கிற வயது எனக்கு இல்லை. இந்தப் படிப்பில் ஒரு பிள்ளை எங்கெங்கே தடுக்கி விழுகிறாள், அவளைச் சங்கம் எங்கே தாங்கிப் பிடிக்கலாம் என்பதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் யாராவது இதை என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அம்மாவின் சங்கிலி இன்னும் கழுத்திலேயே இருந்திருக்கும்.

முதலில் பெயர். நான் வகுப்புக்குப் போன மறுநாளே லயத்தில் எனக்கு "நேர்ஸ்" என்று பெயர் விழுந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அம்மாயி பிரஷர் மாத்திரையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "இத காலையில போடுறதா ராவுல போடுறதா, நேர்ஸ் புள்ள?" என்று கேட்கிறார். சந்தோஷந்தான். ஆனால் நான் நேர்ஸ் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. நான் படிப்பது தாதி உதவியாளர் பாடநெறி, என்.வி.கியூ. நான்காம் மட்டம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நம்முடைய நிறையக் குடும்பங்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அழுகின்றன.

அரசாங்கத் தாதி உத்தியோகத்தர் ஆவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு சித்தி வேண்டும். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரித் தெரிவு செய்யும். பிறகு தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம். அப்படி ஒரு கல்லூரி நம் பதுளையிலேயே இருக்கிறது. படிக்கும் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. முடித்தவர் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தாதியர் சபையில் பதிவு செய்துகொள்கிறார். நான் எடுக்கும் சான்றிதழ் அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கான சான்றிதழ் அல்ல. அதை வைத்துக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர் வேலைக்கு மனுப்போட முடியாது. தனியார் வைத்தியசாலை, முதியோர் இல்லம், வீட்டில் நோயாளி பார்ப்பது, வெளிநாட்டில் பராமரிப்பு வேலை, இவற்றுக்குத்தான் அது செல்லும்.

வெளியுலகில் இப்படி இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் "பிரக்டிகல் நேர்ஸ்" என்று ஒரு தரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு வருடம் படித்து, என்கிளெக்ஸ் பி.என். என்ற பரீட்சையில் சித்தியடைந்தால் சட்டப்படி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். இந்தியாவில் ஏ.என்.எம். என்று இரண்டு வருடப் படிப்பு. அவர்களுக்கும் தாதியர் கவுன்சிலில் பதிவு உண்டு. அதாவது பெரிய நேர்ஸ் அல்லாதவருக்கும் சட்டத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நமக்கு வேலை இருக்கிறது, அந்த நாற்காலிதான் இல்லை. இது எங்கள் ஒரு தோட்டத்துப் பிரச்சினை அல்ல, நாடு முழுக்க இந்தப் பாடநெறி படிக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். தேசிய மட்டத்தில் சங்கம் பேச வேண்டிய விஷயம் என்று தலைவரிடம் விட்டுவிடுகிறேன்.

"அப்படியானால் அந்த மூன்று வருடப் படிப்புக்கே போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். என் வகுப்பில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதற்குத்தான் ஆசைப்பட்டோம். தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் நம் பகுதிப் பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். பஸ் செலவு, டியூஷன் செலவு. ஆகவே சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் கடைசியில் பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவில் போய் உட்காருகிறாள். அந்தக் கதவு அங்கேயே மூடிவிடுகிறது.

இது எங்கள் தலைமுறையில் ஆரம்பித்த கதையும் இல்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது அரசாங்க உத்தியோகமும் சேர்ந்தே போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஓய்ந்தது. அம்மம்மாவுக்கு நாடு இல்லை, அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் சரியாக இல்லை. வார்டில் தமிழ் பேசும் தாதி ஏன் இத்தனை குறைவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நமக்குக் கெட்டித்தனம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, இப்போது பணம். 2024 செப்டெம்பர் வர்த்தமானி ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா என்று நிர்ணயித்தது. அம்மாவுக்கு மாதத்தில் இருபது பேர் விழுந்தால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 போகும். மிச்சம் 24,840. பிறகு தீபாவளி முற்பணம், கோயில் காசு, சங்கத்துச் சந்தா. தலைவர் கோபிக்கக் கூடாது, கணக்கென்றால் எல்லாவற்றையும்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இருபது பேர் விழுவதும் இல்லை, எடை குறைந்தால் அரைப்பேர். இந்தக் காசில் சாப்பிட்டு, தம்பியைப் படிக்க வைத்து, எனக்குத் தவணைக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணத்தைத்தான் முதலிலேயே சொல்கிறார்கள். இரண்டு வெள்ளை யூனிபோர்ம், வெள்ளைச் சப்பாத்து, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், புத்தகப் போட்டோப் பிரதி, பரீட்சைக் காசு, போர்டிங் காசு, இதையெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். சங்கிலி போனது கட்டணத்துக்கு அல்ல, இந்த "பிறகு"க்குத்தான். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்றபோது அம்மா வாங்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் தப்பினோம்.

பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா என்பது ஒரு கேள்வி. இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. தரச்சான்று உண்டா என்பது வேறொரு கேள்வி. நிறுவனம் பதிவாகியிருக்கும், பாடநெறிக்குச் சான்று இருக்காது. நம்மவர்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பதிவு இலக்கத்தையும் பாடநெறியின் பெயரையும் எழுதிக்கொண்டு வந்து, ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது போன் எடுத்துக் கேளுங்கள். லயத்தில் போன் இல்லாத இளைஞன் இன்றைக்கு யார்? தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா போன்ற அரச நிறுவனங்களிலும் விசாரியுங்கள். அங்கே செலவு குறைவு. ஆனால் இடம் குறைவு, தமிழில் நடக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ் நிலையத்தில் ஒட்டியிருக்கும் "வெளிநாட்டு வேலை உறுதி" நோட்டீசைப் பற்றி ஒரே வார்த்தை: ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஜப்பான் மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் தனித்தனியாகச் சித்தியடைய வேண்டும். எந்த நிறுவனத்தின் சான்றிதழும் அதற்குப் பதிலாகாது. ஏஜென்சி என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். அரபு நாட்டுக்குப் போய் வந்த அக்காமாருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இனி வார்டுக்கு வருகிறேன். எங்களுக்கு ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் வைத்தியசாலையில் பயிற்சி. வகுப்பு கஷ்டந்தான். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் சிங்களம், நான் யோசிப்பது தமிழ். "பல்ஸ்" என்பது நாடி என்று தெரியும், ஆனால் அதை எழுதும்போது கை நிற்கும். அதை எப்படியோ கடந்துவிடலாம். ராவில் எல்லோரும் படுத்த பிறகு ஒரே பல்ப் வெளிச்சத்தில் படித்தேன். அப்பா வெளிச்சம் படாமல் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு தூங்கினார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வார்டில் முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பெரியவரைத் துடைத்துச் சுத்தம் செய்து பம்பர்ஸ் மாற்றுவது. வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "இதுக்கா ஒன்ன படிக்க வச்சோம்? பீ மூத்திரம் அள்ளவா?" என்றார். அந்தக் கேள்விக்குள் என்னென்ன இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். யார் அள்ளுவது, யார் அள்ளக்கூடாது என்ற பழைய கணக்கும் அதில் இருக்கிறது. நான் அப்பாவிடம் சொன்னேன்: "படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வரும். ஈரத்தோடு கிடந்தால் தோல் கரையும். புண் எலும்பு வரை போகும், அதிலேயே உயிர் போகும். நான் செய்வது சுத்தம் பண்ணுகிற வேலை மட்டுமில்லை. தோல் எந்த இடத்தில் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறது என் கண்." அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பெரியப்பாவுக்கு முடியாமல் போனபோது, "புள்ள, வந்து எப்புடி பொரட்டுறதுன்னு காட்டு" என்று அவரே கூப்பிட்டார்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததையும் சொல்ல வேண்டும், அழுகையை மட்டும் சொன்னால் தங்கைமார் பயந்துவிடுவார்கள். ஒரு நாள் தோட்டத்து அம்மா ஒருவரைக் கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் கடன் வாங்கிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மகன் போய்விட்டார். அந்த அம்மாவிடம் "கொஹெத ரிதென்னே?" என்று கேட்கிறார்கள். எங்கே நோகிறது என்று. அவர் சும்மா தலையை ஆட்டுகிறார். நான் போய்க் கேட்டேன். "நெஞ்சு கரிக்குது ஆத்தா, எடது கையி மரத்துப் போவுது, மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றார். நான் அதைச் சிஸ்டரிடம் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அடுத்த நிமிடமே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் இருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. நமது ஹாலிஎல இருமொழிப் பிரிவு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் அந்தச் சட்டம் ஒரு பயிற்சிப் பிள்ளையின் வாயில்தான் இருக்கிறது. பெரிய வார்டில் நாலு திசையிலிருந்தும் "தமிழ் நங்கி, மெஹெ என்ன" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போவேன், சந்தோஷமாகத்தான் போவேன். அதுவும் வேலைதான் என்று எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியரின் முறை காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் ஏழு, பிறகு இரவு ஏழு முதல் காலை ஏழு. நான் பயிற்சிக்குப் போன தனியார் வைத்தியசாலையில், பெயர் சொல்லப் போவதில்லை, பயிற்சிப் பிள்ளைகளுக்கு ஏழு முதல் ஏழு. பகலும் அப்படித்தான், இரவும் அப்படித்தான். வாரத்தில் ஆறு நாள். பெருக்கிப் பாருங்கள், 72 மணித்தியாலம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 45 என்று எல்லை போட்டிருக்கிறது. எங்களைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வாரம் சொல்லித் தந்தார்கள், அதை மறுக்கமாட்டேன். அதற்குப் பிறகு வேலைக்கு ஆள் எடுக்காத இடத்தை எங்களை வைத்து நிரப்பினார்கள். சம்பளம் கிடையாது, பகல் சாப்பாடு மட்டும் உண்டு.

ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்பீர்கள். எங்களிடம் ஒரு பயிற்சிப் பதிவேடு இருக்கிறது. கதீட்டர் பராமரிப்பு, பிரஷர் பார்த்தல், படுக்கை விரித்தல், ஒவ்வொன்றுக்கும் எதிரே வார்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துகள் நிரம்பினால்தான் மதிப்பீட்டுக்குப் போகலாம். மதிப்பீட்டுக்குப் போனால்தான் சான்றிதழ். ஒரு வருடக் காசும் அம்மாவின் சங்கிலியும் அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, "மிஸ், எனக்கு ஏழு மணிக்குப் போக வேண்டும், பஸ் போய்விடும்" என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை எப்படி வாய் திறப்பாள்? பெரட்டுக் களத்தில் பேர் போடுகிறவர் கையில் பேனா இருக்கும்போது நம் பாட்டன்மார் எப்படி நின்றார்களோ, அப்படித்தான் நாங்களும் நிற்கிறோம். அந்தப் பேனாவுக்கு எதிராகத்தானே இந்தச் சங்கம் உண்டானது.

சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தேயிலைக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பள நிர்ணய சபைகள் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் வந்தவை. அதே சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைத் தொழிலுக்கும் ஒரு சபை இருக்கிறது. கொடுப்பனவு பெறும் பயிலுநருக்கும் சேமலாப நிதி உண்டு என்றுதான் தொழில் திணைக்களம் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பயிலுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரையும் சேர்த்தே பேசுகிறது. எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றுதான்: ஒப்பந்தம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. நிறுவனத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் ஏதோ உடன்படிக்கை இருக்கிறதாம், நாங்கள் பார்த்ததில்லை. மாணவி என்றால் தொழிலாளி இல்லை, தொழிலாளி என்றால் மாணவி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவள்தான் ராத்திரி முழுக்க நின்று வேலை செய்கிறாள்.

ஊசி குத்திவிடுமோ என்ற பயத்தைப் பற்றியும் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. பாவித்த ஊசி விரலில் ஏறினால் ஹெப்படைட்டிஸ் பி வரலாம், சி வரலாம், எச்.ஐ.வி. கூட வரலாம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. எங்கள் வகுப்பு ஆறு மாதம் என்றேன் அல்லவா? வகுப்புத் தொடங்கிய வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டால் வார்டுக்குப் போகும் நாளில் மூன்றும் முடிந்திருக்கும். இவ்வளவு சுலபமான கணக்கை யாரும் எங்களுக்குப் போட்டுத் தரவில்லை. தங்கைமாரே, குத்திவிட்டால் நசுக்கிப் பிழியாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தைச் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை. யாருடைய ஊசி, எந்தக் கட்டில், எத்தனை மணி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்திலிருந்து இந்தப் படிப்பைப் படிப்பதே ஒரு தனிப் பாடம். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க நான் நாலரைக்கு எழும்ப வேண்டும். இருட்டில் தேயிலைக்கு நடுவே ரோட்டுக்கு இறங்கும்போது அப்பா டோர்ச் எடுத்துக்கொண்டு கூடவே வருவார். காட்டுப் பன்றிப் பயம், வேறு பயமும். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மேலே ஏறிப் பெரட்டுக்கு நிற்பார். மாலை ஏழு மணிக்கு விட்டால் மேலே வர பஸ் இல்லை, ஓட்டோக்காரருக்குக் கொடுக்கும் காசில் அம்மாவின் அரை நாள் போய்விடும். அதனால்தான் போர்டிங். ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளை யூனிபோர்ம் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைத்தால் புகை வாசம். "யாரிடம் இந்தப் புகை வாசம்?" என்று வார்டில் ஒருவர் மூக்கைச் சுழித்தபோது என்னோடு இருந்த பிள்ளை மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரே காம்பரா, தகரக் கூரை, பக்கத்தில் ரேடியோ, வெளியில் பிள்ளைகள். பகலில் தூங்க இடம் கிடையாது. தூங்காத கண்ணோடு மறுபடியும் மருந்துத் தட்டைப் பிடிக்க வேண்டும். ஆபத்து எங்கே என்று உங்களுக்குப் புரியும்.

அம்மாமாரிடம் ஒரு வார்த்தை. நைட் டியூட்டி பார்க்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பேசுகிறார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கார்மெண்ட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பும்போது வராத பேச்சு, ஆஸ்பத்திரி என்றதும் ஏன் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பையன்களும் இந்தப் படிப்புக்கு வரலாம். வயதான ஆண் நோயாளியைத் தூக்கிக் கழுவ ஆண் பிள்ளைகளைத் தேடித்தான் கூப்பிடுகிறார்கள். என் வகுப்பில் இருந்த இரண்டு தம்பிமாரும் கெட்டிக்காரர்கள்.

இனி நான் சங்கத்திடம் கேட்பது. புது நிதியம் ஆரம்பியுங்கள் என்று கேட்கவில்லை, அதைக் கேட்டால் கைதட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தாதி உதவியாளர், பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போயிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நிறுவனம், எந்த வைத்தியசாலை என்று தோட்டக் கமிட்டி ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒரு பிள்ளை தனியாக நிர்வாகத்திடம் பேச முடியாது. "எமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் இத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள், நேர அட்டவணையையும் ஒப்பந்தத்தையும் காட்டுங்கள்" என்று சங்கத்தின் கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் போனால் ஏழு முதல் ஏழு எட்டு மணித்தியாலமாகச் சுருங்கும் என்று நான் நம்புகிறேன். ஊசி குத்தினால் செலவு யாருடையது, நைட் முடிந்த மறுநாள் ஓய்வு உண்டா, கையெழுத்து மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது, இந்த மூன்றுக்கும் அந்தக் கடிதத்தில் எழுத்தில் பதில் கேளுங்கள். காலை ஐந்தரைக்கு மேலிருந்து ஒரு பஸ் விடச் சொல்லிப் பதுளை டிப்போவுக்கும் எழுதலாம். அதில் நாங்கள் மட்டுமா போவோம், டவுன் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளும் ஏறுவார்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் பாவிக்காமல் பூட்டிக் கிடக்கும் கிளப் கட்டடம், பழைய டிஸ்பென்சரி அறை ஏதாவது இருந்தால், நைட் முடிந்து வரும் பிள்ளைகள் பகலில் படுக்க ஓர் அறையைத் துரையிடம் கேட்டு வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள். இரண்டு கட்டில் போதும். ஜன்னலுக்குத் துணியை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இன்றைக்கு எனக்கு ஏழு மணிக்கு நைட். நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுவரை பின்னால் இருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர்கள் நோட்டீசைக் கையோடு கொண்டுவந்திருந்தால் எடுத்து வாருங்கள், பதிவு இலக்கத்தை இப்போதே போனில் பார்த்துச் சொல்கிறேன். கொப்பி எழுதுவதாகத் தலைவி அக்கா சொன்னார். முதல் பெயராக என் பெயரையும், இதோ முன்வரிசையில் இருக்கும் என் மூன்று தோழிமாரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.